நாலடி அல்லூர்

எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் அல்லூர், அதாவது வடிகால், ஓடுகிறது. அகலம் நாலடி. டேப் வைத்து அளந்து பார்த்தேன், அதனால் துணிந்து சொல்கிறேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரி கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அல்லூரை அளப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "எதையாச்சும் தொலைச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்லக்கா" என்றேன்.

அளந்ததற்குக் காரணம் சட்டம். 1976ஆம் ஆண்டின் மலேசிய நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்பது அதன் பெயர். எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக எல்லாருக்கும் அது 'ஆக்தா 172', மலாயில் 172ஆம் சட்டம். ஒரு நிலத்தில் கட்டடம் கட்ட யாராவது விண்ணப்பித்தால், அதற்குப் 'பக்கத்து நிலம்' எது என்று அதன் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஒட்டியிருக்கும் நிலம். நடுவில் சடக்கோ சந்தோ அல்லூரோ இருந்தாலும், அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டாத வரை அதுவும் பக்கத்து நிலம்தான். என் நாலடி ஒன்றேகால் மீட்டர்கூட வராது. ஆகவே நான் தோட்டத்துக்குச் சட்டப்படியே பக்கத்து வீட்டுக்காரி, ஆட்சேபம் சொல்லத் தகுதி உள்ள 'சொந்தக்காரி'.

அந்தச் சொந்தக்காரி என்ற சொல்தான் என்னைப் பிறகு தூங்கவிடாமல் செய்தது. அதற்கு வருகிறேன்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. விஷயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் இங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். சிலாங்கூர் மாநிலம்தான், பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மோட்டாரில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகிறது. என் வாயில் இன்னும் நுழையவில்லை.) கடைத்தெரு ஒன்று, ஒட்டுக்கடை இரண்டு, ஒரு தமிழ்ப்பள்ளி, ஊரின் மூன்று பக்கமும் செம்பனை. நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கும் தராசுக்குக் கிராணி. பத்தொன்பது வருடமாகக் குலை ஏற்றி வரும் லோரியையும் வெறும் லோரியையும் நிறுத்து, கழித்து, சீட்டுப் போட்டுக் கொடுக்கிறேன்.

போன வருடம் தோட்டத்து எல்லையில், முச்சந்திக்குப் பக்கத்தில், ஒரு வீடமைப்புத் திட்டப் பலகை நட்டார்கள். இருநூறு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். இரட்டை மாடி வரிசை வீடுகள், கடைவீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம். வீட்டு விலை பலகையில் இல்லை. விற்பனை ஏஜெண்டு ஒருவர் கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னது, ஐந்து லட்சத்தை ஒட்டி வருமாம்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழு கொதித்தது. முச்சந்தியில் இப்போதே காலை ஏழு மணிக்கு நகர முடியவில்லை. பள்ளியில் இடம் இல்லை. தண்ணீர் அழுத்தம் மேல்மாடிக்கு ஏறுவதில்லை. எல்லாம் உண்மைதான். தாமானுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் 'செலாமாத்கான் ஹுத்தான் கித்தா' என்று பச்சை எழுத்தில் ஒரு படம் செய்து போட்டார். நம் காட்டைக் காப்போம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செம்பனையைக் காடு என்றால் எங்கள் ஆலை மேனேஜர் மயங்கி விழுவார். ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம் என்று முக்கோணக் கணக்குப் போட்டு நட்டது எப்படிக் காடாகும்?

சிரித்தேனே தவிர, ஆட்சேபக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். மலாய் நன்றாக எழுதுவேன், ஆபிஸ் கடிதத்தின் நடை தெரியும். நாலு பக்கம். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி.

என் பிடிவாதத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அதைக் கடிதத்தில் எழுத முடியாது. காலை ஐந்தரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த வரிசை தெரியும். பனி மட்டையில் இறங்கி நிற்கும். கூகை ஒன்று அல்லூருக்கு மேலே சத்தம் இல்லாமல் போகும். எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்தில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பெட்டியில் இருப்பது பெண் கூகை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அது திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைப்பேன்.

எனக்கு நினைவு தெரிந்தபோது அங்கே செம்பனை இல்லை, பால்மரம், அதாவது ரப்பர். அம்மா மூன்றாம் டிவிஷனில் பால் சீவினார். அப்பா வெளிக்காட்டு வேலை. விடியுமுன்னே பெரட்டு, தண்டல் பெயர் கூப்பிடுவார், என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா தலையில் விளக்கோடு போவார். பால்மரம் வயதாகிச் சாய்த்ததும் செம்பனை நட்டார்கள். அதுவும் உயர்ந்து கொக்கிக்கு எட்டாமல் போனபோது, 2000 வாக்கில், சாய்த்துவிட்டு மறுநடவு. இப்போது நிற்பது அந்த மரங்கள்தான். அவற்றுக்கும் இருபத்தைந்து வயது ஆகிவிட்டது. செம்பனைக்கு அதுதான் கணக்கு. அதற்கு மேல் மரம் உயரம், அறுக்க ஆள் கிடைக்காது, மகசூல் இறங்கும். திரும்ப நட்டால் குலை பார்க்க மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடச் செலவையும் வீட்டு மனையின் விலையையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால், கம்பெனிக்காரன் எந்தப் பக்கம் சாய்வான் என்று தராசுக்காரி எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் தோட்டங்கள் தாமான் ஆனதெல்லாம் மரத்துக்கு வயதான வருடங்களில்தான்.

செம்பனை இந்த நாட்டில் தோட்டப் பயிரானதே எங்கள் பக்கத்தில்தான். 1917இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் தென்னமரம் எஸ்டேட்டில் முதல் வணிகத் தோட்டத்தைப் போட்டார். பெயரைப் பாருங்கள். ஆப்பிரிக்க மரத்தைப் பிரெஞ்சுக்காரர் தமிழ்ப் பெயர் உள்ள தோட்டத்தில் நட்டிருக்கிறார். குழி வெட்டியது யார் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

கையெழுத்துக்கு வருகிறேன். தாமானிலும் கம்பத்திலுமாக (பக்கத்து மலாய்க் கிராமம்) மூன்று சாயங்காலத்தில் நூற்று நாற்பத்து மூன்று கிடைத்தது. கம்பத்து மக்சிக் (மலாய்ப் பெரியம்மா) ஒருவர் தன் குடும்பத்தின் பதினோரு கையெழுத்தையும் ஒரே மூச்சில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பீசாங் கோரேங்கும் (பொரித்த வாழைப்பழம்) கொடுத்து அனுப்பினார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் போனேன்.

நாற்பது கதவு இருந்த லயம், இப்போது பதினெட்டு. பாதியில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும். மீதியில் நம் ஆட்கள், அதிலும் பலர் வேலை ஓய்ந்தவர்கள். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கோடிக் கதவில் இருக்கிறார். முப்பத்தெட்டு வருடம் குலை அறுத்தவர். வலது தோள் இடது தோளை விடக் கீழே இறங்கி இருக்கும்.

அண்ணி தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் தாளை நீட்டினேன்.

"எதுக்குலா?"

"வீடு கட்டப் போறாங்கண்ணே. வேணாம்னு எழுதியிருக்கோம்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, மலாய் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். நாலு பக்கத்தையும் படித்தார். தாமானில் ஒருவர்கூடப் படிக்கவில்லை.

"இத நிப்பாட்டிட்டா அப்புறம்?"

"தோட்டம் தோட்டமா இருக்கும்ணே."

"தோட்டம் தோட்டமா இருந்தா நான் யாருலா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய் அலமாரி மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்தார். அடையாளக் கார்டு நகல்கள், சேமநிதிக் கணக்கு, பெயர்ப்பட்டியல் ஒன்று, கடைசியில் நாலாக மடித்த வரைபட நகல். பலகையில் இருந்த அதே திட்டம்தான். கீழ் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு மஞ்சள் மை பூசியிருந்தது. முன்னாள் தொழிலாளர்களுக்கு ஒற்றை மாடி வரிசை வீடு. பதினேழாவது கட்டத்துக்குள் பென்சிலால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்திருந்தார்.

நான் இந்தத் திட்டத்தை எத்தனை முறை பார்த்தேன்! முச்சந்தியைப் பார்த்தேன், பெட்ரோல் நிலையத்தைப் பார்த்தேன், என் அல்லூரைப் பார்த்தேன். அந்த மூலையைப் பார்க்கவில்லை.

மூலைக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கட்டம் இருந்தது. உற்றுப் பார்த்தால் கழிவுநீர் லோஜி, அதாவது சுத்திகரிப்பு நிலையம். "அண்ணே, இது லோஜிண்ணே, நாறும்" என்றேன். "நாறினா நாறட்டும்லா. கிராண்டு என் பேர்ல இருக்கும்ல?" என்றார். கிராண்டு என்றால் நிலப் பட்டா.

தோட்டத் தொழிலாளி வீட்டுக்குக் குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. தண்ணீர், மின்சாரம், இத்தனை அறை என்று 1990இன் 446ஆம் சட்டம் சொல்கிறது. வேலை ஓய்ந்த பிறகு அந்தக் கதவு யாருடையது என்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அண்ணன் இப்போது அங்கே இருப்பது கம்பெனியின் இரக்கத்தால். மாதாமாதம் வாய்வார்த்தையில் நீளும் இரக்கம்.

இங்கேதான் அந்தச் 'சொந்தக்காரி' என்ற சொல். லயத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் அல்லூரும் இல்லை, வேலியும் இல்லை; அது தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அண்ணனுக்குச் சொந்தமாக அங்கே ஓர் அடி நிலம் கிடையாது. ஆக்தா 172இன் கண்ணில் நான் பக்கத்து நிலத்துக்காரி, அவர் யாரும் இல்லை. நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டு மாற்றிக் கொடுப்பதற்குத் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு உண்டு, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றதன் தழும்பு அது. அந்தக் காலத்தில்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளியே தோட்டத்தை வாங்கட்டும் என்று காசு சேர்த்தார். எங்கள் தாத்தாவும் மாதம் பத்து வெள்ளி (ரிங்கிட்) கட்டியதாக அப்பா சொல்வார்.

அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். மீதிப் பதினேழு கதவையும் நான் தட்டவில்லை.

குழுவில் எல்லாரும் அப்போது தாமான் ரிம்பா கியாராவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் 25 ஏக்கர் பூங்காவில் 12 ஏக்கரை எடுத்து அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியை எதிர்த்து, பக்கத்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெரிய வெற்றி. 'அவர்களால் முடிந்தால் நம்மாலும் முடியும்' என்று குழுவில் கைதட்டல் படங்கள்.

அந்த வழக்கில் இன்னொரு கூட்டமும் இருந்ததை யாரும் எழுதவில்லை. பூங்காவை ஒட்டியிருந்த நீளவீடுகளில் இருந்தவர்கள் புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு எண்பதுகளின் தொடக்கத்தில் 'தற்காலிகம்' என்று அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்டவர்கள். ரத்தான அந்தத் திட்டத்துக்குள்தான் அவர்களுக்கான வீடும் இருந்தது. பூங்காவைக் காத்தவர்கள், இவர்களுக்கு வீடு வேண்டும், ஆனால் அதற்குப் பூங்காவின் பாதி தேவையில்லை என்று சொன்னார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் நாற்பது வருடம் தற்காலிகத்தில் இருந்தவருக்கு நியாயமான பேச்சைக் கேட்கப் பொறுமை எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மிஞ்ஞாக் என்று ஐந்து தோட்டத்து ஆட்கள் வீட்டுக்குக் காத்திருந்த கதை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணனுக்கு இந்தக் கோர்ட்டுக் கதையை நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

என் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது பொய்க்கணக்கு. 1995இல் அப்பா சேமநிதியில் எடுத்த பணத்தோடு வாங்கிய மலிவு விலை வீடு இது. அப்போது மலிவு வீட்டுக்கு நாடு முழுவதும் 25,000 வெள்ளி என்பதே விலை. 1998இல்தான் இடத்துக்குத் தக்கபடி 42,000 வரை ஏற்றினார்கள். தாமான் கட்டிய இடம் அதே தோட்டத்தின் மூன்றாம் டிவிஷன். குடிவந்த அன்று அம்மா சமையலறையில் நின்று கொல்லைப் பக்கம் பார்த்து, பிறகு குன்றைப் பார்த்து, விரலால் ஏதோ கணக்குப் போட்டார். "இந்த அடுப்படி என் நெரைக்குள்ளதான் இருந்துச்சி" என்றார். அவர் பால் சீவிய வரிசையில் எங்கள் அடுப்பு.

அந்த வருடம் யாரும் ஆட்சேபக் கடிதம் எழுதவில்லை. மாடு வைத்திருந்த தாத்தா ஒருவர் மட்டும் மேய்ச்சல் போச்சு என்று கொஞ்ச நாள் சத்தம் போட்டார். அவரைக் கிறுக்கு என்றோம். நானும் சொன்னேன்.

சரி, முனிசிபலுக்குப் போன கதை. எங்கள் கடிதத்தை நாலு பேர் எடுத்துப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள், முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஓர் அதிகாரி வெளியே வந்து நிதானமாக விளக்கினார். பக்கத்து நிலத்துக்காரருக்கு எழுத்துவழி அறிவித்து 21 நாள் கொடுப்பது, அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான், இல்லாதபோது. எங்கள் இடத்துக்குத் திட்டம் இருக்கிறது. அதில் இந்த நிலம் எப்போதோ வீடமைப்பு என்று குறிக்கப்பட்டுவிட்டது. ஆட்சேபிக்க வேண்டிய நேரம் அந்தத் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோது. சட்டப்படி நாலு வாரத்துக்குக் குறையக்கூடாது. அது முடிந்து வருடங்கள் ஆகின்றன.

"எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இங்கேதான், இந்தக் கூடத்தில்" என்று கை காட்டினார்.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டு வரி கட்ட வந்திருந்தேன். நீண்ட வரிசை. கூடத்தில் பெரிய பெரிய பலகையாக வண்ண வண்ண வரைபடம் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பலகைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது, ஏர்கோனும் நேரே அடித்தது. அங்கே உட்கார்ந்து பாக்கெட் மைலோ ஒன்றை உறிஞ்சி முடித்து, நம்பர் கூப்பிட்டதும் எழுந்து போய் வரி கட்டிவிட்டு வந்தேன். என் கொல்லைப்புறத்தின் தலையெழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன். இதைப் படிக்கிற தோட்டப்புறத்துச் சனங்களுக்கு ஒன்று சொல்வேன்: பலகை நடும்போது பார்ப்பது தாமதம். உங்கள் ஊர் ரஞ்சாங்கான் தெம்பாத்தானைத் திறந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடித்து, சுற்றி என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்த நேரத்தில்தான் இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கையிடம் பேசினேன். நர்ஸ் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள், செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் இருக்கிறாள். "எங்க ஊர்லயும் இதே சண்டைதான்க்கா" என்றாள். அங்கே நகரத்தைச் சுற்றிப் 'பச்சை வளையம்' என்று திட்டமிடல் விதியிலேயே இருக்கிறது. லண்டனுக்கு 1938இல் ஆரம்பித்தது, 1955க்குப் பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. இங்கிலாந்து நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதற்குள் வருகிறதாம். அழகுக்காக வைத்தது என்று நினைத்தேன். இல்லை, ஊர் பரவிக்கொண்டே போய், ஊரும் ஊரும் முட்டிக்கொண்டு ஒன்றாகிவிடக் கூடாது என்பதுதான் முக்கியக் காரணம். உள்ளே வெறும் குதிரைக் கொட்டகையும் பழைய பார்க்கிங்கும்கூட இருக்குமாம். அப்படிப்பட்ட இடங்களைச் 'சாம்பல் வளையம்' என்று தனியாகப் பிரித்து வீடு கட்ட வழிவிட 2024 டிசம்பரில் விதியை மாற்றியிருக்கிறார்கள். அவள் தெருவில் வீட்டுக்கு வீடு எதிர்ப்பு அட்டை தொங்குகிறது. "நீ மாட்டினியா?" என்றேன். "நானா? எம் மகனுக்கு இருபத்தேழு வயசு, இன்னும் எங்க வீட்டு மேல்ரூம்ல இருக்கான். கட்டட்டும்க்கா, சீக்கிரம் கட்டட்டும்" என்றாள்.

போனை வைத்த பிறகு எங்கள் ஊர் வரைபடத்தை நினைத்துப் பார்த்தேன். நமக்கு அப்படி யாரும் வளையம் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரும் அடுத்த ஊரும் முட்டாமல் இருந்தது தோட்டங்களால்தான். வெள்ளத்துக்கும் தோட்டம்தான் காவல். 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலாம் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த மழையில் எங்கள் அல்லூரும் பொங்கியது. கணுக்கால் அளவு தண்ணீர் அடுப்படிக்கு வந்து, காலையில் வடிந்துவிட்டது. தோட்டத்துக் காண்களும் (வாய்க்கால்களும்) இரண்டு பள்ளக் குட்டைகளும் மீதியைக் குடித்துக்கொண்டன. அங்கே தாரும் சிமெண்டும் வந்தால் அதே மழை எங்கே போகும்? என் கடிதத்தில் உருப்படியான பக்கம் என்றால் இதைப் பற்றிய மூன்றாம் பக்கம்தான். 2001இலிருந்து நடைமுறையில் உள்ள வடிகால் கையேட்டின்படி, புது வீடமைப்பிலிருந்து வெளியேறும் வெள்ளம் முன்பிருந்த அளவைத் தாண்டாதபடி தேக்கக் குட்டை கட்ட வேண்டும். குட்டை எங்கே, எவ்வளவு பெரிது, மண் வெட்டுவதற்கு முன்பா பின்பா?

இதைக் கேட்கத்தான் பொதுமண்டபத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்குப் போனேன். நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். மேம்பாட்டாளர் அனுப்பிய கன்சல்டன் திரையில் படம் காட்டினார். படத்தில் ஒரு சீனக் குடும்பமும் ஒரு மலாய்க் குடும்பமும் சைக்கிள் ஓட்டினார்கள். தூரத்தில் சேலை கட்டிய ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். எங்கள் தாமான் தலைவர் எழுந்து, ஒரு மரம்கூடச் சாயக்கூடாது என்றார். கைதட்டல்.

பிறகு நான் எழுந்தேன். குட்டையைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார். மண்ணை முதல் கட்டத்திலேயே வெட்டிவிட்டுக் குட்டையை இரண்டாம் கட்டத்தில் வைத்தால், நடுவில் வரும் டிசம்பருக்கு என் அடுப்படிதான் குட்டையா என்றேன். சிரித்தார்கள். அப்புறம், திட்டமிடாமலேயே அந்தக் கேள்வி வந்துவிட்டது. தொழிலாளர் வீடு எத்தனையாவது கட்டம்?

அவர் தாளைப் புரட்டினார். "பாசா எம்பாட்." நான்காம் கட்டம். ஐந்து லட்ச வீடெல்லாம் விற்று முடித்த பிறகு. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குலை அறுப்பவருக்கு மற்ற மூன்று கட்டத்தில் ஒரு வீடும் எட்டாது. கோடியில் உட்கார்ந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது.

முதல் கட்டத்தில் போடுங்கள், லோஜியிலிருந்து தள்ளிப் போடுங்கள், தோட்டத்துக் கோயில் நிலத்துக்குத் தனி கிராண்டு கொடுங்கள், இதையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்த முறை கைதட்டல் இல்லை. லயத்துக்காரர்கள் நாலைந்து பேரும் அந்தப் பீசாங் கோரேங் மக்சிக்கும் மட்டும் தட்டினார்கள்.

ராத்திரி குழுவில் ஒரே அடி. கட்டவே கூடாது என்று நாம் எழுதியிருக்கும்போது எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்ல நீ யார்? பேரம் பேசிவிட்டாள். அண்ணனுக்கு வீடு வேண்டுமாம், அதனால்தான். கடைசிக் குற்றச்சாட்டு உண்மை, அதற்கு நான் பதில் போடவில்லை. மற்றபடி அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முச்சந்தி நெரிசல் உண்மை, பள்ளியில் இடம் இல்லாததும் உண்மை. அவர்கள் கேட்பதும் தப்பில்லை. ஆனால் அந்தக் கூகைப் பெட்டிக்காக நான் அண்ணனை நான்காம் கட்டத்துக்குத் தள்ள முடியாது. பெட்டி போனால் அழுவேன், அது வேறு.

இரண்டு வாரம் கழித்து என் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். நூற்று நாற்பத்து மூன்று பேர் போட்டதிலும் என் கையெழுத்து அப்படியே இருக்கிறது. ஒரே ஆள் இரண்டு கடிதம் கொடுத்தால் எதைச் செல்லும் என்று எடுப்பது என்று கவுண்டர் பெண் கேட்டாள். இரண்டையும் என்றேன்.

பதில் போன மாதம் வந்தது. மண்வெட்டி இயந்திரம் இன்னும் வரவில்லை. அளவைக்காரர்கள் மட்டும் வந்து சிவப்பு நாடா கட்டிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குச்சிக்குக் குச்சி எட்டு வைத்து அளந்து, பதினேழாம் கட்டம் இதுதான் என்று ஓரிடத்தை முடிவு பண்ணி, அங்கே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றி வைத்திருக்கிறார். அண்ணி கேட்டதற்கு, சமையல்கட்டுக்குப் பின்னால் வரும் என்றாராம்.

பதிலைக் கொண்டுபோய் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆறு வரி. கடிதம் கிடைத்தது, நன்றி, கருத்துகள் 'அம்பில் மாக்லும்', அதாவது கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

"வீட்டப் பத்தி எங்க இருக்கு?" என்றார்.

"இல்லண்ணே."

"கட்டத்தப் பத்தி?"

"அதுவும் இல்ல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை வைத்தார். கடைசி வரியில் என் பெயருக்கு மேல் விரல் நின்றது. பிறகு நாலாக மடித்து, வரைபடத்தோடு சேர்த்து அந்த உறைக்குள் வைத்துக்கொண்டார். என் கடிதத்துக்கு வந்த பதில் அது, நானும் திருப்பிக் கேட்கவில்லை.